அம்பாளுக்கு நான் கொடுத்த பாட்டு

தயிர்சாதப் பொட்டலத்தை நீட்டிய என் கை, நீட்டியபடியே நின்றுவிட்டது.

போன வெள்ளிக்கிழமை. அடையாறில் புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கு வெளியே, மதிலை ஒட்டிய மர நிழலில், ஒருவர் பிளாஸ்டிக் பாய் விரித்து உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயது இருக்கலாம். கழுத்தில் ஓட்டை; அதன்மேல் ஈரத்துணி கட்டியிருந்தது. போனைக் காதோடு அணைத்து ஏதோ பழைய சினிமாப் பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். கண்கள் மூடியிருந்தன. கால் கட்டைவிரல் மட்டும் தாளம் போட்டது.

பக்கத்தில் இருந்த அவர் மனைவி என்னைப் பார்த்ததும் எழுந்து வந்தார்.

“பாரும்மா இந்த ஆள. ஆஸ்பத்திரி வாசல்ல குந்திகினு, டீக்கட கணக்கா பாட்டு போட்டுகினு கீறாரு. நாலு பேரு இன்னா நினைப்பாங்க? சாமி பாட்டுன்னாலும் பரவால்ல. நீயாச்சும் சொல்லும்மா. நெத்தி நெறைய விபூதி இட்டுகினு சாமியாட்டம் கீற, நீ சொன்னா கேப்பாரு.”

அவர் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். பாட்டை நிறுத்தவில்லை. நான் என்ன சொல்லப்போகிறேன் என்று காத்திருந்தார்.

எனக்குப் பேச்சு வரவில்லை.

ஏன் வரவில்லை என்று சொல்லத்தான் இந்த வாரப் பத்தி. மயிலாப்பூரில் பிறந்து, மயிலாப்பூரிலேயே வாழ்க்கைப்பட்டு, ஒன்பதாம் வகுப்போடு நின்றுபோன ஒருத்தி எழுதுவதை நீங்கள் இத்தனை வாரமாகப் படிக்கிறீர்கள். பங்குனித் திருவிழா, குளத்தங்கரை, எங்கள் திருமுறை வகுப்பு எல்லாம் எழுதிவிட்டேன். ஒரு வாசகி கேட்டிருந்தார்: “உங்கள் வீட்டுக்காரரைப் பற்றி மட்டும் ஏன் ஒரு வரிகூட எழுதுவதில்லை?” நான் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தது அதைத்தான்.

புடவை மடித்தவர்

என் வீட்டுக்காரர் தி.நகரில் ஒரு ஜவுளிக்கடையில் முப்பது வருஷத்துக்கு மேல் விற்பனையாளராக இருந்தார். பட்டுப் பிரிவு. ஆறு கஜப் புடவையை இரண்டே உதறலில் மடித்துவிடுவார். தீபாவளி மாதத்தில் நின்று நின்று கால் வீங்கிப்போய் வருவார். ஆனால் மாடிப்படி ஏறும்போதே பாட்டு முனகுவது கேட்கும். அந்தச் சத்தம் கேட்டுத்தான் நான் தோசைக்கல்லை அடுப்பில் போடுவேன்.

சினிமாப் பாட்டு என்றால் அவருக்கு உயிர். கடையில் நாள் முழுக்க ஒலிபெருக்கியில் பாட்டு ஓடும். மற்றவர்களுக்கு அது இரைச்சல். அவருக்கு அதுவே சம்பளத்தில் பாதி.

எங்கள் கல்யாணத்தில் தாலி கட்டும்போது என் காதோரம் ஏதோ முனகிக்கொண்டே முடிச்சுப் போட்டார். மந்திரமாக்கும் என்று நினைத்தேன். மறுநாள் கேட்டேன். “அது ஒரு பாட்டு” என்றார். மூன்று நாள் நான் முகம் கொடுத்துப் பேசவில்லை.

நான் வளர்ந்த வீடு அப்படி. அப்பா சைதாப்பேட்டை கோர்ட்டில் பியூன். தினம் விடிகாலையில் தேவாரம் சொல்லாமல் காபி குடிக்க மாட்டார். எங்கள் வீட்டில் சினிமாப் பாட்டு என்பது செருப்பு மாதிரி, வாசலோடு சரி.

ஒரு முறை அவரைக் கெஞ்சிக் கூத்தாடி எங்கள் திருமுறை வகுப்புக்கு அழைத்துப்போனேன். ஒழுங்காக உட்கார்ந்து கேட்டார். வரும் வழியில், “ரொம்ப நல்ல ராகம். இதே ராகத்துல ஒரு சினிமாப் பாட்டு இருக்கு தெரியுமா?” என்றார். நடுத்தெருவில் தலையில் அடித்துக்கொண்டேன்.

அவர் சிரித்தார். “ஏன், சாமிக்குக் காது ஒண்ணுதானா?”

பாய் கடை ஸ்டூல்

எங்கள் வீட்டுக்குக் கீழே ரஹீம் பாயின் தையல்கடை. ஜாக்கெட் தைப்பதும், புடவைக்கு ஓரம் அடிப்பதும். இவர் ஜவுளிக்கடையிலிருந்து வேலை கொண்டுவந்து கொடுத்துத்தான் பழக்கம். அப்புறம் அண்ணன் தம்பி மாதிரி ஆகிவிட்டார்கள்.

பாய் கடையில் பழைய ரேடியோ ஒன்று காலையிலிருந்து பாடும். இவருக்கு லீவு நாளென்றால் அங்கே ஒரு மர ஸ்டூல். அவர்களுக்குள் ஒரு விளையாட்டு. புதுப் பாட்டு ஆரம்பிக்கும்போது, வார்த்தை வருவதற்கு முன்னால் ஒரு இசை வருமே, அதிலேயே எந்தப் பாட்டு என்று சொல்லிவிட வேண்டும். பாய் மிஷினிலிருந்து காலை எடுத்துவிட்டு, தலையைத் தூக்கி, கண்ணாடிக்கு மேலாகப் பார்ப்பார்.

“சொல்லு தணிகா அண்ணே.”

இவர் கண்ணை மூடுவார். படம், பாடினவர், மெட்டுப் போட்டவர், அதை எந்தத் தியேட்டரில் எந்த வரிசையில் உட்கார்ந்து பார்த்தார் என்பது வரைக்கும் சொல்வார். தோற்றவர் டீ சொல்ல வேண்டும். முக்கால்வாசி பாய்தான் சொல்வார்.

“இன்னாக்கா இது, அண்ணன் வயித்துல பொறக்கும்போதே ரேடியோவ முழுங்கிட்டாரா?” என்பார் பாய் என்னிடம்.

“அதுல கால்வாசி சாமி பேரைச் சொல்லியிருந்தா கரையேறியிருப்பார்” என்பேன் நான். விளையாட்டாகச் சொன்னதில்லை. நிஜமாகவே அப்படித்தான் நினைத்தேன்.

தொண்டையில் வந்தது

முதலில் கரகரப்பு. ஏசி காற்று என்றார்கள். மிளகு, பனங்கற்கண்டு, சித்தரத்தை எல்லாம் பார்த்தோம். குரல் கம்மிக்கொண்டே போனது. கடையில் வாடிக்கையாளர்கள், “என்ன சார், பேச்சே வரல?” என்று கேட்க ஆரம்பித்தார்கள். கடைசியில் அடையாறு.

டாக்டரம்மா நல்லவர். உட்காரவைத்து, படம் போட்டுக் காட்டி, குரல்வளையை எடுக்க வேண்டியிருக்கும் என்றார். எடுத்தால் உயிருக்கு வழியுண்டு, பேச்சு இருக்காது.

இவர் அதைக் கேட்டுவிட்டு, “அப்ப பாட முடியாதா?” என்றார். எத்தனையோ கேள்வி இருக்க, அதைக் கேட்டார். எனக்கு அப்போது கோபம்தான் வந்தது.

எங்கள் வகுப்பில் மூத்தவர் சரோஜா அக்கா. பொல்லாதவர் இல்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதவர்தான். அழுதுகொண்டே சொன்னார்: “நாக்குல சாமி பேர் வரணும்டி. சினிமாப் பாட்டே வந்துக்கிட்டிருந்தா தொண்டைக்கு என்ன ரட்சை?”

அது எனக்குள் இறங்கி உட்கார்ந்துகொண்டது.

ஆபரேஷனுக்கு இரண்டு நாள் முன்பு, அம்பாள் சன்னிதியில் நின்று வேண்டிக்கொண்டேன். “தாயே, அவர் குரலைத் திருப்பிக் கொடு. அவர் வாய் திறந்து பேசும்வரைக்கும் என் வீட்டில் சினிமாப் பாட்டுச் சத்தம் கேட்காது.”

சொல்லும்போது எனக்கு நிறைவாக இருந்தது. வெல்லமோ, மாவிளக்கோ, மொட்டையோ இல்லை. எங்கள் வீட்டிலேயே பெரியது எதுவோ அதைக் கொடுத்துவிட்டேன் என்று நினைத்தேன்.

அது யாருடையது என்று யோசிக்கவில்லை.

வீட்டுக்கு வந்து அவரிடம் சொன்னேன். அப்போது இன்னும் கொஞ்சம் காற்றாகக் குரல் இருந்தது. “சரி” என்றார். அதோடு நிறுத்தியிருக்கலாம் நான். “இந்தத் தொண்டையில இத்தனை வருஷம் சாமி பேர் வந்திருந்தா...” என்று ஆரம்பித்து, பாதியில் விட்டேன். மீதிப் பாதி அவருக்குப் புரிந்தது. முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

முழுக் குரலாக அவர் என்னிடம் கடைசியாகப் பேசியது எது என்று யாராவது கேட்டால், எனக்கு நினைவில்லை. நான் அவரிடம் பேசியது நினைவிருக்கிறது.

எல்லாரும் நல்லவர்கள்

ஆபரேஷன் நடந்தது. குரல்வளையை எடுத்துவிட்டார்கள். கழுத்தில் மூச்சுக்கு ஓட்டை.

எடுத்துவிட்ட குரல் எப்படித் திரும்பும் என்று நீங்கள் கேட்கலாம். என் மகள் கோமதி கேட்டாள். அவள் ஓசூரில் இருக்கிறாள். போனில் கத்தினாள். “அம்மா, அது திரும்ப வளராதும்மா. நகமா அது?” நான் கேட்கவில்லை. வேண்டுதல் என்றால் வேண்டுதல். பாதியில் விட்டால் அவருக்கு ஏதாவது ஆகிவிடும் என்று பயம்.

வீட்டு ரேடியோவைத் துணியில் சுற்றிப் பரண்மேல் வைத்தேன். டிவியில் சின்னப் பிள்ளைகள் பாடுகிற போட்டி ஒன்று வரும். அதைப் பார்த்து அவர் கண் துடைத்துக்கொள்வார். அந்தச் சேனலே வேண்டாம் என்று விட்டேன்.

என் சீரியலை மட்டும் விடவில்லை. சீரியலில் பாட்டு இல்லையே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆரம்பத்தில் பாட்டு வரும்போது மட்டும் ரிமோட்டில் சத்தத்தை நிறுத்துவேன். பாட்டு முடிந்ததும் திரும்ப வைப்பேன். அவர் கட்டிலிலிருந்து அதைப் பார்த்துக்கொண்டே இருப்பார். வாயசைக்கிற படத்தைப் பார்ப்பார்.

அப்புறம் கீழே இறங்கி ரஹீம் பாயிடம் போனேன். ரேடியோச் சத்தம் மாடிக்கு வருகிறது, கொஞ்சம் குறைத்து வைக்க முடியுமா, இப்படி ஒரு வேண்டுதல் என்றேன்.

பாய் கையெட்டி ரேடியோவை நிறுத்தியே விட்டார். “கொறைக்கறது இன்னாக்கா? அண்ணன் பேசட்டும், அப்பறம் போட்டுக்கலாம். நாங்களும் துவா பண்றோம்.”

எதிர்வீட்டில் பிறந்தநாள் வந்தது. பாட்டுப் போடாமல் கேக் வெட்டினார்கள். பால்காரர் வண்டியை எங்கள் வாசலில் நிறுத்தும்போது போனை அணைத்துவிட்டு வருவார். தெரு முழுக்க எங்கள் வேண்டுதலைத் தூக்கிச் சுமந்தது. ஒருவராவது, “இது என்னம்மா கூத்து?” என்று என்னை அதட்டியிருந்தால் தப்பித்திருப்பேன். எல்லாரும் நல்லவர்களாக இருந்துவிட்டார்கள்.

சிலேட்டு

அவர் எழுதிக் காட்டுவதற்கு மாடவீதியில் ஒரு சிலேட்டு வாங்கிக் கொடுத்தேன். குழந்தைகள் வைத்திருப்பதுதான், சிவப்புச் சட்டம் போட்டது.

மோர். ஃபேன். கோமு போன்? மாத்திரை கசப்பு. இப்படி எழுதுவார். கையெழுத்து அழகாக இருக்கும். கடையில் துண்டுச்சீட்டு எழுதிய கை.

ஒரு மத்தியானம், நான் கஞ்சி வடிகட்டிக்கொண்டிருந்தேன். சிலேட்டைச் சட்டத்தில் தட்டிக் கூப்பிட்டார். திரும்பிப் பார்த்தேன்.

“பாட்டு?” என்று எழுதியிருந்தது.

நான் கையில் கரண்டியோடு, சுவரில் மாட்டியிருந்த அம்பாள் படத்தைக் காட்டினேன். அவர் படத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். தலையாட்டினார். உள்ளங்கையால் சிலேட்டைத் துடைத்தார்.

அதற்கப்புறம் அந்த வார்த்தையை அவர் எழுதவில்லை. கோபித்துக்கொண்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் எனக்காக அந்த விரதத்தை இருந்தார்.

ஐந்தாறு மாதத்தில் நோய் நெஞ்சுக்கு இறங்கியது. மறுபடி அடையாறு. இந்த முறை டாக்டரம்மா படம் எதுவும் போடவில்லை.

ஒரு முழம் பூ

வார்டில் ஒருநாள் பக்கத்துக் கட்டில்காரரின் மகன் போன் அடித்தது. ஏதோ பழைய பாட்டின் ஆரம்பம். இரண்டு மூன்று விநாடிதான், அவன் எடுத்துவிட்டான். மருந்து மயக்கத்தில் கிடந்த இவருடைய ஆள்காட்டி விரல் கட்டில் கம்பியில் இரண்டு தட்டுத் தட்டியது. பாட்டு நின்றதும் விரல் தூக்கியபடி காத்திருந்தது. அப்புறம் மெல்ல இறங்கியது.

அந்த விரலைப் பார்த்த பிறகு என்னால் சாப்பிட முடியவில்லை.

மறுநாள் காலை கோயில் திறந்ததும் ஓடினேன். குருக்கள் எனக்குச் சின்ன வயதிலிருந்து தெரிந்தவர். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் குங்குமத் தட்டோடு நின்று கேட்டார்.

“அம்பாள் உங்ககிட்ட பாட்டைக் கேட்டாளாம்மா?”

“இல்ல சாமி.”

“பாட்டு யாருக்குப் பிடிக்கும்? உங்களுக்கா?”

“அவருக்கு.”

“அடுத்தவா பொருளை எடுத்துண்டு வந்து உண்டியல்ல போட்டா, அதுக்குப் பேர் காணிக்கையாம்மா?” குரலை உயர்த்தவே இல்லை அவர். “ஒண்ணும் பயப்படாதீங்கோ. ஒரு முழம் பூ வாங்கிண்டு வாங்கோ. சாத்தி, ஒரு அர்ச்சனை பண்ணிடறேன். வேண்டுதல் முடிஞ்சுது. போய் அவருக்குப் பாட்டைப் போடுங்கோ.”

“அவ்வளவுதானா சாமி?”

“அவ்வளவுதாம்மா.”

ஒரு முழம் மல்லி. வாசலில் பூக்காரி அளந்து கொடுத்தாள். எந்த நாளில் வந்து கேட்டிருந்தாலும் இதே ஒரு முழம்தான். சிலேட்டில் எழுதிய அன்றைக்குக் கேட்டிருந்தாலும் இதே ஒரு முழம்தான்.

ஒண்ணுமே தெரியாம

ஆட்டோ பிடித்தேன். மந்தைவெளி தாண்டும்போது ஓட்டுநரிடம் என் போனைக் காட்டிக் கேட்டேன், இதில் பாட்டு எப்படி வரவழைப்பது என்று.

“ஈசிம்மா. இந்த மைக்க அமுக்கி பாட்டு பேரு சொல்லுங்க, வந்துரும்.”

“பேர் தெரியலப்பா.”

“படம் பேரு?”

“தெரியாது.”

“சரி, பாடுனவரு பேராச்சும்?”

சிக்னலில் வண்டி நின்றது. அவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

“இன்னாம்மா, ஒண்ணுமே தெரியாம பாட்டு கேக்கறீங்க?”

முப்பத்துநாலு வருஷம் ஒரே வீட்டில், ஒரே மனுஷன் பாடினது. எனக்கு எல்லாமே “சினிமாப் பாட்டு.” அவ்வளவுதான் தெரியும். அவருக்குக் காபியில் எத்தனை சர்க்கரை, எந்தத் தோளில் வலி, எந்தச் சட்டை காலர் உறுத்தும் என்று தெரியும். எந்தப் பாட்டுப் பிடிக்கும் என்று தெரியாது.

கோமதிக்குப் போன் போட்டேன். பஸ்ஸில் வந்துகொண்டிருந்தாள். அப்பாவுக்கு எந்தப் பாட்டுப் பிடிக்கும் என்று கேட்டேன்.

“இப்பக் கேக்கறியாம்மா?” என்றாள். அப்புறம், “ஒரு பாட்டு இருக்கு. நீ கோயிலுக்குப் போயிருக்கறப்ப என்னைத் தூங்கவைக்கப் பாடுவார். மழை வர்ற மாதிரி ஆரம்பிக்கும். தேடி அனுப்பறேன். வந்ததைத் தொட்டா பாடும்.”

வார்டுக்குப் போனபோது அவர் கண் மூடிக் கிடந்தார். மூச்சு ஓட்டையில் சலசலத்தது. காதருகே குனிந்து, “அம்பாள் விட்டுட்டாங்க. பாட்டுக் கேளுங்க” என்றேன். கோமதி அனுப்பியதைத் தொட்டேன்.

பாட்டு வரவில்லை. விளம்பரம் வந்தது.

பாத்ரூம் கழுவுகிற மருந்து. ஒருவன் வார்டே அதிரும்படி கத்தினான், கறையெல்லாம் பளிச் என்று போய்விடும் என்று. எங்கே அமுக்கினால் நிற்கும் என்று எனக்குத் தெரியவில்லை. எதையோ அமுக்கினேன், இன்னும் சத்தமானது. பக்கத்துக் கட்டில்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நர்ஸ் பெண் ஓடிவந்து, “அம்மா, சவுண்டு, சவுண்டு” என்றாள். அவர் நெற்றி சுருங்கியது. நான் பயந்து போனையே அணைத்துவிட்டேன்.

சாயந்தரம் கோமதி வந்துவிடுவாள், அவள் சரியாகப் போட்டுக் காட்டுவாள் என்று நினைத்தேன்.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு அவள் வந்தாள். அதற்குள் கட்டிலைச் சுற்றித் திரை இழுத்துவிட்டிருந்தார்கள்.

மதிலோரம், மறுபடியும்

இப்போது வெள்ளிக்கிழமைதோறும் அந்த மதிலோரம் தயிர்சாதம் கொண்டுபோகிறேன். சாதத்தைக் குழைய வடித்து, பால் கொஞ்சம் கூடுதலாக விட்டு, கடுகு தாளிக்காமல். தொண்டைக்காரர்களுக்குக் கடுகு ஆகாது. புண்ணியம் பண்ணுகிறீர்கள் என்கிறார்கள். அந்த வார்த்தையைக் கேட்டால் உடம்பு கூசுகிறது. வீட்டில் வெள்ளிக்கிழமைக் காலையில் உட்கார்ந்திருக்க முடியாமல்தான் போகிறேன்.

அங்கேதான் இந்த அம்மா என்னைச் சொல்லச் சொன்னார்.

“கேக்கட்டும்மா. விட்டுடு” என்றேன்.

“அப்ப சாமி கோச்சிக்காதா?”

“சாமி கேக்கலம்மா.”

அவருக்கு நம்பிக்கை வரவில்லை. கிட்டே வந்து, புருஷன் காதில் விழாமல் கேட்டார். “நானும் ஒண்ணு வேண்டிக்கலாம்னு கீறேன். இன்னா வேண்டிக்கிட்டா நல்லது? நீ சொல்லேன்.”

“எது வேணும்னாலும் வேண்டிக்கோ. ஆனா உன்னோடதைக் கொடு. அவரோடதைக் கொடுத்துடாத.”

அந்த அம்மா பாயில் உட்கார்ந்திருந்த மனிதரைத் திரும்பிப் பார்த்தார். அப்புறம் என்னை.

“இவர வுட்டா எங்கிட்ட இன்னாம்மா கீது?”

இரண்டு பொட்டலத்தை அவர் கையில் வைத்துவிட்டு பஸ் ஏறினேன்.

பாய்

ஒன்று சொல்லாமல் விட்டிருக்கிறேன்.

காரியம் எல்லாம் முடிந்த பிறகு ஒருநாள் ரஹீம் பாய் கேட்டார். ரொம்பத் தயங்கி, கத்தரிக்கோலைப் பார்த்துக்கொண்டே கேட்டார். “அக்கா... அந்த வேண்டுதலு... முடிஞ்சிதாக்கா?”

“அவர் பேசலையே பாய்” என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? முடிந்தது என்றால், எப்படி முடிந்தது என்று சொல்ல வேண்டும். ஒரு முழம் பூவைச் சொல்ல வேண்டும். அதைச் சொல்ல எனக்குத் தெம்பில்லை. பாய் தலையாட்டிவிட்டுத் தைக்க ஆரம்பித்தார். வருஷத் திதியும் வந்து போய்விட்டது. அந்தக் கடையில் இன்றுவரை மிஷின் சத்தம் மட்டும்தான்.

போன வெள்ளிக்கிழமை பஸ்ஸை விட்டு இறங்கி நேரே அங்கே போனேன். காலிக் கூடையைக் கீழே வைத்தேன். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். குருக்கள் சொன்னது, பூ, விளம்பரம், எல்லாம்.

பாய் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

“ஒரு நாளு அண்ணன் கீழ எறங்கி வந்தாருக்கா” என்றார். “நீங்க கோயிலுக்குப் போயிருந்தீங்க. செவுத்தப் புடிச்சிகினு வந்து, இதோ, இந்த ஸ்டூல்ல குந்துனாரு. ரேடியோவக் கை காட்டுனாரு. நான்... அக்கா வேண்டிகினு கீறாங்கண்ணே, வேணாம்ணேன்னுட்டேன். கொஞ்ச நேரம் சும்மா குந்திகினு இருந்துட்டு, என் தோள்ல தட்டிட்டுப் போய்ட்டாரு.” மடியிலிருந்த கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். “நீங்க மாடில இல்லக்கா. யாருக்குக் கேட்டிருக்கும்? நானாச்சும் போட்டிருக்கலாம்.”

தெருவில் ஆட்டோ ஒன்று பின்வாங்கித் திரும்பிப் போனது.

“போடுங்க பாய்” என்றேன்.

அவர் ஒரு வெட்டுத்துணியால் ரேடியோவின் தூசியைத் துடைத்தார். குமிழைத் திருகினார். கரகரவென்றது. யாரோ பேசி முடித்தார்கள். அப்புறம் ஒரு பாட்டு ஆரம்பித்தது. முதலில் புல்லாங்குழல். பின்னாலேயே வயலின்.

பாயின் கால் தானாக மிஷினை விட்டு எழுந்தது. தலையைத் தூக்கிப் பார்த்தார்.

ஸ்டூலின் மேல், ஓரம் அடிக்க வேண்டிய புடவைகள் அடுக்கியிருந்தன. வார்த்தை வரும்வரைக்கும் நாங்கள் இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.